கொட்டு என்றால் கொட்டிவிடுவதா?



இந்த முறை சமையல் குறிப்பு இல்லை. சமையலறையில் புழங்கும் தமிழைப் பற்றிச் சொல்லப் போகிறேன். படிவம் இரண்டில் என்னிடம் தமிழ் படிக்கும் ஒரு மாணவியின் வீட்டில் நடந்த சங்கதி இது.

அம்மாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. ஒரு காலத்தில் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டி, இப்போது இடுப்பு வலியால் படுக்கையில் இருக்கிறார். பதினான்கு வயதுப் பெண் முதன்முதலாகச் சாம்பார் வைக்கிறாள். கூடத்தில் படுத்தபடியே பாட்டி ஒவ்வொன்றாகச் சொல்கிறார். "எண்ணெய் காஞ்சதும் கடுகு போடு பாப்பா. வெடிச்சதும் கருவேப்பிலையைப் போட்டுக் கொட்டிடு." பிள்ளை சட்டியைத் தூக்கிக்கொண்டு போய், பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டது!

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது உண்மைதான். ஆனால் அவள் அடுத்துச் சொன்னது சிரிக்கும்படி இல்லை. "எண்ணெய் வீணானதுக்குப் பாட்டி ஒண்ணும் சொல்லல, டீச்சர். நான் பேசுறதுகூட உனக்குப் புரியலையான்னு கேட்டு அழுதாங்க. கொட்டுன்னா பூவாங்தானே, டீச்சர்?"

தேர்வில் நல்ல புள்ளி எடுக்கிற பெண். மரபுத்தொடர் இருபது கேட்டாலும் தடுமாறாமல் சொல்வாள். தாளித்துக் கொட்டுவது என்றால் என்னவென்று மட்டும் தெரியவில்லை. அதை நானும் சொல்லிக் கொடுத்ததில்லை.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. இடைநிலைப்பள்ளியில் தமிழ்ப் பாடம் போக மற்றவை மலாயிலும் ஆங்கிலத்திலும்தான். கோரேங், ரெபுஸ், கூகூஸ் எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. மீ கோரேங், பீசாங் கோரேங், ஈக்கான் கோரேங் என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறார்கள். நாமோ மீயைப் பிரட்டுகிறோம், வாழைப்பழத்தைப் பொரிக்கிறோம், கச்சானை வறுக்கிறோம்.

அதற்காக மலாயைக் குறைவாக நினைக்க வேண்டாம். வதக்குவதற்கு அங்கே தூமிஸ் என்று தனிச் சொல் உண்டு. நாம் முட்டையையும் அவிக்கிறோம், இட்லியையும் அவிக்கிறோம். அவர்கள் தண்ணீரில் வேகும் முட்டைக்கு ரெபுஸ், ஆவியில் வேகும் பண்டத்துக்குக் கூகூஸ் என்று பிரித்துச் சொல்கிறார்கள். "எண்ணெயில மிதக்கிற வடையை ஏன் டீச்சர் சுடுறோம்னு சொல்றோம்?" என்று ஒரு பையன் கேட்டான். தோசையும் சுடுவதுதான், வடையும் சுடுவதுதான், நம் வழக்கு அப்படி என்று சொல்லி நழுவினேன்.

அடுத்த பாடத்துக்குப் புத்தகம் கொண்டு போகவில்லை. வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், அரை மூடித் தேங்காய், ஒரு கட்டுக் கீரை ஆகியவற்றைக் கூடையில் எடுத்துப் போனேன். சொல்லைக் கரும்பலகையில் எழுதி, அதைக் கையால் செய்யச் சொன்னேன். வெங்காயத்தை உரி, பிறகு அரி. மிளகாயைக் கீறு. பூண்டைத் தட்டு. தேங்காயைத் துருவு. கீரையை ஆய் என்றதும் ஒரே சிரிப்பு. பழுத்த இலையையும் முற்றிய தண்டையும் பார்த்துப் பார்த்து ஒதுக்குவதுதான் ஆய்வது. பல்கலைக்கழகத்தில் செய்கிற ஆய்வும் இதே சொல்தான் என்றேன். சிரிப்பு அடங்கிவிட்டது.

மசாலைப் பொட்டலங்களிலும் குழப்பம் இருந்தது. ஜிந்தான் பூத்தே என்றால் சீரகம், ஜிந்தான் மானிஸ் என்றால் சோம்பு, ஹல்பா என்றால் வெந்தயம். இது தெரியாமல் சோம்பு போட்டு ரசம் வைத்த வீடுகள் இரண்டு என் வகுப்பிலேயே இருந்தன.

கடைசியில் சிற்றுண்டிச் சாலை அம்மாவிடம் அனுமதி கேட்டு, அவருடைய அடுப்படியில் தாளித்துக் காட்டினேன். எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகே கடுகு போட வேண்டும். கடுகுக்குள் இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி, தோலை உடைத்துக்கொண்டு வருவதால்தான் அது வெடிக்கிறது. எண்ணெய் காயாமல் போட்டால் வெடிக்காமல் கிடந்து கசக்கும். பிறகு உளுந்து, காய்ந்த மிளகாய். வெந்தயம் போடுவதானால் பொன்னிறத்தோடு நிறுத்திவிட வேண்டும், கருகினால் குழம்பே கெட்டுவிடும். ஈரமான கருவேப்பிலையைப் போடும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். மணமெல்லாம் எண்ணெயில் இறங்கிவிடும். அந்த எண்ணெயைச் சூடு ஆறுமுன் குழம்பில் ஊற்றுவதுதான் கொட்டுவது. அந்தப் பெண்ணையே கொட்டச் சொன்னேன். 'சொய்' என்ற சத்தத்தில் பிள்ளைகள் ஓரடி பின்னால் போனார்கள்.

வீட்டில் பெரியவர்களிடம் ஆளுக்கொரு சமையல் சொல் கேட்டு வரச் சொல்லியிருந்தேன். பிசிறுவது, கடைவது, சுண்ட வைப்பது என்று வந்தன. சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவரின் மகன், "அப்பா தே ஆத்துவாரு, டீச்சர்" என்றான். தே தாரேக் என்கிறபோது தேநீரை இழுக்கிறோம், ஆற்றுவது என்கிறபோது அதன் சூட்டைத் தணிக்கிறோம். செய்வது ஒரே வேலைதான். முழுப் புள்ளி போட்டேன்.

அந்தப் பெண் சொல் எதுவும் கொண்டு வரவில்லை. சனிக்கிழமை மறுபடியும் சாம்பார் வைத்தாளாம். கொட்டிய சத்தம் கூடம்வரை கேட்டதாம். "மூடி வை பாப்பா, வாசம் போயிடும்" என்று மட்டும் பாட்டி சொன்னாராம்.