நான்கைந்து கிலோவுக்கு அஞ்சலாமா?



சென்ற ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண வந்திருந்தார். சிறு வயதில் என்னிடம் ஓதியவர். இப்போது பல்கலைக்கழக விடுதியில் தங்கி முதுகலை பயில்கிறார்.

"ஹஜ்ரத், நோன்பு மாதத்தோடு சிகரெட்டை விட்டுவிட்டேன். இரண்டு மாதம் தொடவே இல்லை. ஆனால் மூன்று கிலோ எடை கூடிவிட்டது. ஊருக்கு வந்தால் உம்மா முதல் உறவினர் வரை எல்லாரும், 'என்ன இப்படி ஊதிப் போய்விட்டாய்?' என்றே கேட்கிறார்கள். நேற்று மறுபடியும் பற்றவைத்துவிட்டேன்" என்று சொல்லித் தலைகுனிந்தார்.

புகைத்தால் உடல் இளைக்கும் என்னும் எண்ணம் தானாக முளைத்ததன்று, விதைக்கப்பட்டது. 1920களின் இறுதியில் அமெரிக்காவின் லக்கி ஸ்டிரைக் சிகரெட், 'இனிப்புக்குப் பதிலாக எங்கள் சிகரெட்டை எடுங்கள்' என்னும் கருத்தில் பெண்களிடம் விளம்பரம் செய்தது. மிட்டாய் வணிகர்கள் வெகுண்டெழுந்தனர். சிகரெட் விற்பனையோ பெருகியது. 1968-இல் பெண்களுக்கென்றே வந்த சிகரெட்டின் பெயர் வர்ஜீனியா ஸ்லிம்ஸ். மெலிவைப் பெயரிலேயே சூட்டிக்கொண்டார்கள்!

அதே நாட்டின் பல்கலைக்கழகங்களில் இன்னோர் அச்சமும் உண்டு. முதலாண்டு மாணவர்கள் 15 பவுண்டு பெருத்துவிடுவார்கள் என்பது அங்கே நெடுநாள் பேச்சு. 2011-இல் வெளியான ஆய்வோ, சராசரியாகக் கூடுவது ஏறத்தாழ 3 பவுண்டே, அதாவது ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவே எனக் காட்டியது. உண்மையை விட அச்சமே பருத்திருந்தது. இத்தகைய அச்சம் குடிகொண்ட இளம் உள்ளத்தில் சிகரெட் எளிதாக இடம்பிடிக்கும் அன்றோ?

நிகோடின் பசியை மட்டுப்படுத்துவது மெய்தான். 'உணவு போதும்' என்று மூளைக்கு உணர்த்தும் நரம்பணுக்களை அது தூண்டுவதை, யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் எலிகளிடம் கண்டறிந்தனர். ஓய்வாயிருக்கும்போதும் உடல் சற்றுக் கூடுதலாக எரிபொருளைச் செலவிடுகிறது. ஆனால் இதை நம்பி ஏமாறாதீர்கள். நிறையப் புகைப்போர், குறைவாகப் புகைப்போரை விட மெலிந்திருப்பதில்லை. பல ஆய்வுகளில் பருமனாகவே இருக்கக் காண்கிறோம். புகைப்போருக்குக் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது. நீரிழிவு வரும் வாய்ப்பும் மிகுகிறது. வெளியே மெலிவு, உள்ளே நோய்!

சரி, விட்டால் எவ்வளவு கூடும்? பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஓராண்டில் சராசரியாக 4 முதல் 5 கிலோ. அதில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களிலேயே கூடிவிடுகிறது. நூற்றுக்குப் பதினாறு பேருக்கு எடை குறைந்தும் இருக்கிறது. இந்தக் கூடுதல் எடையால் இதயத்துக்குக் கிடைக்கும் நன்மை அழிந்துவிடுமோ எனில், இல்லை. அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் ஊர் மக்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியான முடிவு, நீரிழிவு இல்லாதோரில் எடை கூடிய பின்னும் இதய நோய் அபாயம் குறைந்தே இருப்பதைக் காட்டியது.

ஆகவே அந்த மாணவரிடம் நான் சொன்னது இதுதான்: "தம்பி, நோன்பு மாதம் முழுவதும் விடியலிலிருந்து அந்தி வரை தொடாதிருந்தவர் நீங்கள். உங்களால் முடியும். முதல் மூன்று மாதம் எடையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கை எதையாவது தேடும்போது வடையும் மிக்சரும் வேண்டாம். பொட்டுக்கடலை, கொய்யா, வெள்ளரிக்காய் போதும். மாலையில் அரைமணி நேரம் நடங்கள். ஏறிய எடையைப் பிறகு இறக்கலாம். கெட்டுப்போன நுரையீரலுக்கு மாற்று எங்கே வாங்குவீர்கள்?"

இனி, பெற்றோரே, உங்களுக்கு ஒரு வார்த்தை.

விடுதியிலிருந்து மெலிந்து வரும் பிள்ளையை, 'அழகாக இளைத்திருக்கிறாய்' என்று புகழ்வதற்கு முன் ஏன் இளைத்தான் என்று விசாரியுங்கள். புகையை விட்டுச் சற்றுப் பருத்து வருபவனைக் கேலி செய்யாதீர்கள். அந்த எடை அவன் போராடி வென்றதன் அடையாளம். மகளின் உடலைப் பற்றி விருந்தினர் முன்னிலையில் விமர்சிப்பதையும் விட்டொழியுங்கள். அச்சொல் எங்கே போய்த் தைக்கும் என்பதை நாம் அறியோம்.

கல்வி நிலையங்களிலிருந்து நூறு கஜ தூரத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று நம் நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. வீட்டுக்குள் பேசும் பேச்சைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை. அந்தக் காவலை நாமே ஏற்க வேண்டும்.

அந்த மாணவர் அன்றே மீண்டும் விட்டிருக்கிறார். இம்முறை அவருடைய உம்மாவையும் அழைத்துப் பேசியிருக்கிறேன்.