பழைய ஆட்டமும் புதிய வழக்கும்

அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் மாநிலத்திலுள்ள ஃபெடரல் நீதிமன்றத்தில் 2024 பிப்ரவரி இறுதியில் ஒரு வழக்குத் தாக்கலாயிற்று. வாதி, ஜப்பானிய நின்டெண்டோ கம்பெனியின் அமெரிக்கக் கிளை. பிரதிவாதி, 'யூஸு' என்ற எமுலேட்டரைத் தயாரித்து வெளியிட்டு வந்தவர்கள். ஒரே வாரத்தில் வழக்கு முடிந்துவிட்டது. 24 லட்சம் டாலர் கொடுக்கவும், எமுலேட்டரை அடியோடு நிறுத்திவிடவும் பிரதிவாதிகள் சம்மதித்துவிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில், 'ரியூஜின்க்ஸ்' என்ற இன்னொரு எமுலேட்டரும் அக்கம்பெனி தொடர்பு கொண்டபின் மூடப்பட்டது.

எங்கோ நடக்கும் பெரிய கம்பெனிகளின் சச்சரவு; நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும், பம்பாய் லாமிங்டன் ரோட்டிலும், சென்னை ரிச்சி தெருவிலும் '400 ஆட்டங்கள்' அடங்கியது என்று சொல்லிக் கையடக்கப் பெட்டி ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். மில்லிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்து திரும்பும் தகப்பன் பிள்ளைக்கு அதை வாங்கிப் போகிறான். சின்ன வயதில் அண்டை வீட்டு டி.வி.யில் கேசட் செருகி 'மரியோ' ஆடிய பையன் இன்று குமாஸ்தா; பழைய நினைவில் அதையே கம்ப்யூட்டரில் போட்டு ஆடிப் பார்க்கிறான். இவர்கள் செய்வது சரியா, தப்பா? எமுலேட்டர் என்றாலே திருட்டு என்று ஒரு சாராரும், இன்டர்நெட்டில் கிடைப்பதெல்லாம் இலவசம் என்று மறு சாராரும் பேசி வருகிறார்கள். இரண்டுமே முழு உண்மை அல்ல.

எமுலேட்டர் என்பது என்ன?

ஒவ்வொரு யந்திரத்துக்கும் தனி பாஷை உண்டு. 1983 ஜூலையில் நின்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட 'ஃபேமிகாம்' என்ற பெட்டிக்குச் சொந்த நினைவாற்றல் 2 கிலோபைட்தான். அதற்கென எழுதிய ஆட்டம் கேசட்டினுள் சில்லுகளில் பதிந்திருக்கும். அந்தக் கட்டளைகளை இன்றைய கம்ப்யூட்டரிடம் நேராகக் கொடுத்தால் அதற்கு ஒன்றும் விளங்காது.

இங்கேதான் எமுலேட்டர் வருகிறது. ஊரிலிருந்து முதல் தடவை பெங்களூருக்கு வந்து இறங்கிய தொழிலாளிக்குக் கன்னடம் தெரியாது. முதலாளி சொல்வதை மேஸ்திரி வாங்கித் தமிழில் சொல்கிறார், வேலை நடக்கிறது. அந்த மேஸ்திரியின் வேலையைத்தான் எமுலேட்டர் செய்கிறது. பழைய பெட்டிக்கு இட்ட கட்டளைகளை ஒவ்வொன்றாக வாங்கி, புதிய கம்ப்யூட்டருக்குப் புரியும்படி சொல்கிறது. நடுவில் ஒரு ஆள் நின்று சொல்வதால் நேரம் பிடிக்கும். ஆகையால் பழைய பெட்டியைவிடப் பல மடங்கு வேகமான கம்ப்யூட்டர் வேண்டும். இன்று சாதாரண ஆபீஸ் கம்ப்யூட்டரே அந்த வேகத்தைத் தாராளமாக எட்டிவிட்டது. 1985-இல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கியது. இன்று நமது டெலிபோனில் எடுக்கும் ஒரு போட்டோ அதைவிடப் பல மடங்கு பெரியது.

ஆக, இங்கே இருப்பவை இரண்டு. ஒன்று மேஸ்திரி, மற்றொன்று அவர் எடுத்துச் சொல்லும் சரக்கு. எமுலேட்டர், அதை எழுதியவரின் சொந்த உழைப்பு. ஆட்டம், அதை உருவாக்கிய கம்பெனியின் சொத்து. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தால் பிரச்னையில் பாதி தெளிந்துவிடும்.

நீதிமன்றங்கள் சொன்னது

இப்படிப் பிரித்துப் பார்த்த நீதிபதிகள் அமெரிக்காவிலேயே உண்டு. 1992-இல் சேகா கம்பெனி, அக்கலேடு என்ற சிறு கம்பெனி மீது தொடுத்த வழக்கில், ஒரு பெட்டியில் ஓடக்கூடிய புதிய ஆட்டத்தை எழுதுவதற்காக அதன் அமைப்பைப் பிரித்து ஆராய்வது குற்றமாகாது என்று ஒன்பதாவது சரக அப்பீல் நீதிமன்றம் சொல்லிற்று.

அடுத்தது சோனி வழக்கு. கனெக்டிக்ஸ் என்ற கம்பெனி, சோனியின் 'பிளேஸ்டேஷன்' ஆட்டங்களை மாக்கிண்டாஷ் கம்ப்யூட்டரில் ஆட வழி செய்யும் எமுலேட்டரை 1999-இல் வெளியிட்டது. சோனி வழக்குத் தொடுத்தது. அந்த எமுலேட்டரை எழுதுமுன் ஆராய்ச்சிக்காகச் சோனியின் உள்நிரலைக் கனெக்டிக்ஸ் பல தடவை நகல் எடுத்தது உண்மை. ஆனால் விற்பனைக்கு வந்த சரக்கில் சோனியின் நிரல் ஒரு வரி கூட இல்லை. அதே அப்பீல் நீதிமன்றம் 2000 பிப்ரவரியில் கனெக்டிக்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. எமுலேட்டர் தன்னளவில் குற்றமல்ல என்ற கொள்கை அன்று நிலைபெற்றது.

ஆனால் வென்றவர்கள் வாழ்ந்தார்களா? 2001-இல் சோனி அந்த எமுலேட்டரையே விலைக்கு வாங்கி விற்பனையை நிறுத்திற்று. 'ப்ளீம்' என்ற இன்னொரு எமுலேட்டரை விற்றவர்கள் நீதிமன்றத்தில் தோற்கவில்லை. வக்கீல் செலவு தாங்காமல் அதே ஆண்டு கடையை மூடினார்கள். சட்டம் ஒருவர் பக்கம் இருந்தாலும், அதைக் கடைசி வரை நடத்திப் பார்க்கப் பணம் வேண்டும் என்பது நம் ஊர்க் கோர்ட்டுகளுக்கு மட்டும் உரிய கதை அல்ல.

யூஸு ஏன் வேறு?

இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு நிலைமை மாறியதற்குக் காரணம் உண்டு. யூஸு பழைய பெட்டிக்கான எமுலேட்டர் அல்ல. 2017-இல் வெளிவந்து, வழக்கின்போதும் கடைகளில் நன்றாக விற்றுக் கொண்டிருந்த 'ஸ்விட்ச்' என்ற பெட்டிக்கானது. அதன் ஆட்டங்கள் ரகசியக் குறியீட்டால் பூட்டப்பட்டவை. பூட்டைத் திறக்கும் சாவியை ஸ்விட்ச் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தால்தான் எமுலேட்டர் வேலை செய்யும். இத்தகைய பூட்டை உடைப்பதையும், உடைக்கும் கருவியைப் பரப்புவதையும் 1998-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. மேலும், 2023 மே மாதம் வரவேண்டிய 'ஸெல்டா' வரிசையின் புதிய ஆட்டம் முன்கூட்டியே கசிந்து, கடைக்கு வருமுன்னரே பத்து லட்சம் தடவைக்கு மேல் திருட்டுத்தனமாக இறக்கப்பட்டது என்று நின்டெண்டோ தன் மனுவில் கூறியது. பல ஆண்டுகள் பலர் உழைத்துத் தயாரித்த சரக்கு விற்பனை நாளுக்கு முன்பே சூறையாடப்பட்டால் எந்தக் கம்பெனிதான் சும்மா இருக்கும்?

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. முடிவு, சாட்சி விசாரித்து வாதம் கேட்டு வந்த தீர்ப்பு அல்ல. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட சமரசம். ஆகவே 2000-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ரத்தாகிவிட்டது என்று சொல்வது தவறு.

கம்பெனிகளின் பக்கத்துக் குறை

கம்பெனிகளுக்கு நியாயம் உண்டு என்று ஒப்புக்கொண்ட பிறகு, அவர்களைப் பார்த்தும் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. பழைய ஆட்டத்தைக் காசு கொடுத்து வாங்கத் தயாராக உள்ளவர் எங்கே போய் வாங்குவது?

அமெரிக்காவில் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023 ஜூலையில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன் அந்நாட்டில் வெளியான பழைய ஆட்டங்களில் நூற்றுக்கு 87 இன்று விற்பனையில் இல்லை என்பது அதன் முடிவு. நின்டெண்டோ தன் 'வீ' பெட்டிக்காக நடத்திய இன்டர்நெட் கடையை 2019 ஜனவரியில் மூடிற்று. '3 டி.எஸ்.', 'வீ யூ' ஆகியவற்றின் கடைகளில் 2023 மார்ச்சில் விற்பனையை நிறுத்திற்று. அக்கடைகளில் மட்டுமே கிடைத்த ஆட்டங்கள் பலவற்றை நேர் வழியில் வாங்க இன்று இடமில்லை.

எமுலேட்டரை இக்கம்பெனிகள் வெறுக்கின்றனவா என்றால் அதுவும் இல்லை. 2018 டிசம்பரில் சோனி விற்ற 'பிளேஸ்டேஷன் கிளாசிக்' பெட்டிக்குள் இருந்தது, தன்னார்வலர்கள் எழுதி இலவசமாக வெளியிட்ட எமுலேட்டரே. நின்டெண்டோ சந்தா வாங்கிக்கொண்டு தரும் பழைய ஆட்டங்களும் எமுலேட்டர் மூலம்தான் ஓடுகின்றன. ஆப்பிள் கம்பெனியும் பல ஆண்டு மறுப்புக்குப் பின் 2024 ஏப்ரலில் பழைய ஆட்டங்களுக்கான எமுலேட்டர்களைத் தன் கடையில் அனுமதித்தது. கருவியில் தோஷம் இல்லை; அது யார் கையில் இருக்கிறது என்பதில்தான் தகராறு.

அந்த உரிமைதான் எவ்வளவு காலத்துக்கு? கம்பெனி பெயரில் வெளியான படைப்புக்கு அமெரிக்கச் சட்டப்படி 95 ஆண்டு பாதுகாப்பு உண்டு. 1985-இல் வந்த மரியோ ஆட்டம் 2080 முடியும் வரை யாரும் தொடக்கூடாத சொத்து. அன்று பத்து வயதில் அதை ஆடியவருக்கு அப்போது 105 வயது. கேசட்டும் டிஸ்க்கும் அதுவரை தாங்குமா? ஆட்டத்தின் நிலையைச் சேமித்து வைக்கும் சிறு பாட்டரி இப்போதே பல கேசட்டுகளில் செத்துவிட்டது. டிஸ்க்கின் உலோகப் பூச்சு அரித்துப் போகிறது. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' இன்று ஒரு பிரதி கூட மிஞ்சவில்லை. உரிமையாளர் இருந்தார், சட்டமும் இருந்தது. படம் மட்டும் போய்விட்டது. இதே கதி வீடியோ ஆட்டங்களுக்கும் வரக்கூடாது என்றுதான் நூலகங்கள் கேட்கின்றன. விற்பனையில் இல்லாத ஆட்டங்களை ஆராய்ச்சியாளர்கள் வெளியூரிலிருந்தே பார்க்க வசதி செய்ய வேண்டும் என்ற அவற்றின் கோரிக்கையை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் நிராகரித்துவிட்டது. பார்க்க வேண்டுமானால் நூலகத்துக்கே நேரில் போக வேண்டும்.

நம் நாட்டுச் சட்டம்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினது. பிறகு பல முறை திருத்தப்பட்டது. சட்டப்படி சொந்தமாகப் பெற்ற கம்ப்யூட்டர் நிரலிலிருந்து, வியாபார நோக்கமின்றி, சொந்த உபயோகத்துக்கு நகல் எடுத்துக்கொள்ள 52-ஆவது பிரிவு இடம் தருகிறது. பணம் கொடுத்து வாங்கிய கேசட் வீட்டில் இருந்து, அதிலிருந்து நகல் எடுத்து ஆடுபவருக்கு இந்தப் பிரிவு துணை நிற்கும்.

ஆனால் எவரோ இன்டர்நெட்டில் போட்டதை இறக்குவது வேறு. திருட்டு நகல் என்று தெரிந்தே அந்த நிரலைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்துவது '63 பி' பிரிவின்படி குற்றம். ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். லாபத்துக்காகச் செய்யவில்லையானால் தக்க காரணம் காட்டிச் சிறைத் தண்டனையைத் தவிர்க்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதற்கு, 2012-இல் சேர்த்த '65 ஏ' பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு.

நூலகங்களுக்கு அதே 2012 திருத்தம் ஒரு சலுகை தந்தது. டிஜிட்டல் அல்லாத பிரதி கையில் இருந்தால், அதைப் பாதுகாப்பதற்காக மின்னணு வடிவில் சேமித்து வைக்கலாம். காகிதப் புத்தகத்தை மனதில் வைத்து எழுதிய விதி இது. வீடியோ ஆட்டமோ பிறக்கும்போதே டிஜிட்டல். ஆகவே அதற்கு இந்தச் சலுகை எட்டாது.

செய்ய வேண்டியது என்ன?

இன்றும் விற்பனையில் உள்ள ஆட்டத்தின் திருட்டு நகலுக்கு எந்தச் சலுகையும் கூடாது. உழைத்தவனுக்குக் கூலி சேரவேண்டும் என்பது தொழிலாளிக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய பாடம் அல்ல. அதே சமயம், ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மேல் எங்கும் விற்கப்படாத ஆட்டத்தைக் காப்பாற்றி வைக்கவும், கேட்பவருக்குக் காட்டவும் நூலகங்களுக்கு உரிமை வேண்டும். நம் நாட்டுச் சட்டத்தில் 'டிஜிட்டல் அல்லாத' என்ற வாசகத்தை நீக்கினாலே முதல் படி ஏறியதாகும்.

வாசகர்கள் கவனத்துக்குச் சில வார்த்தைகள். எமுலேட்டரை வைத்திருப்பதற்கு அஞ்ச வேண்டாம். ஆட்டங்களை நிரப்பி பென்டிரைவ் விற்கும் கடைக்காரரிடம் ஏமாற வேண்டாம். உரிமை இல்லாத சரக்குக்கு அவர் காசு வாங்குகிறார். முன்பின் தெரியாத இடத்திலிருந்து இறக்கினால் ஆட்டத்தோடு வைரஸும் வரும்; சம்பளக் கணக்கு இருக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்த விஷப் பரீட்சை வேண்டவே வேண்டாம். பழைய பெட்டிகளுக்கென இன்றும் புதிதாக ஆட்டம் எழுதி, மனமுவந்து இலவசமாகத் தருபவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவற்றைக் காட்டலாம்; அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

கம்பெனிகள் எண்ணிப் பார்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. பழைய ஆட்டங்களை நியாய விலையில் தொடர்ந்து விற்றால் திருட்டு நகலுக்குத் தேவையே பெரும்பாலும் குறைந்துவிடும். தானும் விற்காமல், பிறர் காப்பாற்றி வைக்கவும் விடாமல் இருப்பதால் 2080-இல் மிஞ்சப் போவது உரிமைப் பத்திரம் மட்டுமே. ஆட்டம் அதற்குள் அழிந்திருக்கும்.