ப்ளஸ் டூ முடிச்சாச்சு... அப்புறம்?

ரிசல்ட் வந்த அன்றே எங்கள் ஊர்ப்பக்கம் ஆரம்பித்துவிடும். "சும்மா வீட்ல தானே இருக்கே, ரெண்டு மாசம் கம்பெனிக்குப் போயேன்?" ஆம்பூர், பேரணாம்பட்டுக்காரர்களுக்கு எந்தக் கம்பெனி என்று சொல்லத் தேவையில்லை. காலையில் ஷூ கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்து நிற்கும்.

போவதில் தப்பே இல்லை. அப்பர் தைப்பதும் கைத்தொழில்தான்; அதைக் கேவலமாகப் பேசுபவர்களை எனக்குப் பிடிக்காது. (நம்மில் பாதிப்பேர் ஸ்கூல் பீஸ் அந்தச் சம்பளத்தில் கட்டியதுதான்!) பிரச்னை அந்த "ரெண்டு மாசம்". கையில் சம்பளம் பார்ப்பதற்குள் காலேஜ் அட்மிஷன் முடிந்துபோயிருக்கும். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள். என்கூடப் படித்த இரண்டு பெண்களுக்கு அந்த அடுத்த வருஷம் இன்னும் வரவில்லை.

அதனால் மக்களே, அப்ளிகேஷன் போட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஆன்லைன் விண்ணப்பம் பெரும்பாலும் மே மாதமே தொடங்கிவிடும். குடியாத்தம் திருமகள் மில்ஸ், வேலூர் முத்துரங்கம் இரண்டும் அரசுக் கல்லூரிகள்தான். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் என்று புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது. பையன்களுக்கு 2024-இல் தமிழ்ப் புதல்வன். பணம் நேராக பேங்க் கணக்குக்கு. "பஸ் செலவுக்கு எங்கே போறது?" என்று வீட்டில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

ஒரு பாடம் போய்விட்டதா? துணைத்தேர்வு எழுதுங்கள். இடம் மிச்சமிருந்தால் அதே வருஷம் சேரலாம்.

"எதுவும் கிடைக்காதவன் படிக்கிறதுடா பி.காம்." என்றார் ஒரு மாமா. அவர் கடைக்கு இப்போது ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுத் தருவது அடியேன்தான் :-)