டப்பாவுக்குச் சட்டம் உண்டு, பெயிண்டருக்கு?

இந்தியாவில் விற்கும் வீட்டு பெயிண்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால், அது டப்பாவுக்குள் இருக்கும் புது பெயிண்டுக்கு மட்டுமே. அதற்கு முன்பு ஜன்னல், கதவு, கிரில் என்று பூசிய எனாமல் அப்படியே இருக்கிறது. மஞ்சள், சிவப்பு நிறங்களில் காரீயம் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. பாலங்களுக்கும் இரும்புக் கட்டுமானங்களுக்கும் அடிக்கும் பெயிண்ட் இந்த விதிக்குள் வரவே இல்லை. பழைய பூச்சை உப்புத்தாளால் தேய்த்து எடுப்பவர் அந்தத் தூளைச் சுவாசிக்கிறார். அதே கையோடு டீயும் வடையும் சாப்பிடுகிறார். முகத்தில் கட்டிய துண்டு அந்த நுண்தூளைத் தடுக்காது.

அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. 1978இல் அங்கே வீட்டு பெயிண்டில் காரீயம் தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டில், ஆலைத் தொழிலாளர் சுவாசிக்கும் காற்றில் கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் கூடாது என்றும் விதித்தார்கள். கட்டுமானத் தொழிலாளரை மட்டும் விட்டுவிட்டார்கள். அவர்களுக்குப் பழைய வரம்பான 200 நீடித்தது. நாடாளுமன்றம் 1992இல் சட்டம் இயற்றி நெருக்கிய பிறகே, 1993இல் அவர்களுக்கும் 50 ஆனது. பாலத்தில் ஏறிச் சுரண்டியவர் 15 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த 1993 விதியில் என்னைக் கவர்வது காற்றின் அளவு அல்ல. ரத்தத்தில் காரீயம் டெசிலிட்டருக்கு 50 மைக்ரோகிராமை எட்டினால், தொழிலாளரை அந்த வேலையிலிருந்து விலக்க வேண்டும். விலக்கினாலும் ஊதியத்தைக் குறைக்கக் கூடாது. இந்த இரண்டாவது பாதி இல்லாமல் எந்தச் சோதனையும் பலிக்காது. சோதனையால் நாளைய கூலி போகும் என்றால், எந்தப் பெயிண்டர் கையை நீட்டுவார்?

2025 வரை நடைமுறையில் இருந்த நம் 1948 தொழிற்சாலைச் சட்டத்தில், அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் முதல் இடமே காரீய நஞ்சுக்குத்தான் இருந்தது. ஆனால், புதுப்பிக்கப்படும் வீடு தொழிற்சாலை அல்ல. காரீயத்தால் வரும், வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலி ‘கேஸ்’ ஆகிவிடுகிறது. சோர்வு வெயிலின் கணக்கில் போகிறது. காரீயமோ எலும்பில் பல பத்தாண்டுகள் தங்குகிறது, சட்டையில் ஒட்டி வீட்டுக் குழந்தையிடமும் போகிறது. ரத்தச் சோதனை இல்லாததால் நோய்க்குச் சான்று இல்லை. சான்று இல்லாததால் இழப்பீடும் இல்லை.

தீர்வு பெரிய தொழில்நுட்பம் அல்ல. நனைத்து, வாட்டர் பேப்பரால் தேய்த்தால் தூசி வெகுவாக அடங்கும். ஏன் செய்வதில்லை? ஒப்பந்தம் சதுர அடிக் கணக்கில் பேசப்படுகிறது. நனைத்தால் காயும்வரை காத்திருக்க வேண்டும், அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. பெயிண்டரின் அலட்சியம் என்று சொல்வது நமக்கு வசதியான பொய்.

எனவே, பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் ஈரச் சுரண்டல், தூசி உறிஞ்சும் கருவி, தகுந்த முகக் கவசம், கை கழுவும் வசதி ஆகியவற்றுக்குத் தனித் தொகை வேண்டும். கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நல வரியாக வசூலாகிறது. அந்தப் பணத்தில் பதிவுபெற்ற பெயிண்டர்களுக்கு ஆண்டுக்கொரு ரத்தச் சோதனையையும், விலக்கப்படும் நாட்களுக்கு ஊதியத்தையும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் தர வேண்டும்.