சாவுக்குப் போகச் சுற்றுலா விசா!

ஸ்பிரிங்வெளித் தோட்டத்து லயமொன்றில் வாழும் தொழிலாளிக்குத் தமிழ்நாட்டின் கோத்தகிரியிலோ கூடலூரிலோ உடன்பிறந்தார் இருப்பது புதுமையன்று. பதுளை, பசறை, நமுனுகுலை மலைச்சாரல்களில் அத்தகைய உறவற்ற குடும்பத்தைத் தேடித்தான் காணவேண்டும். இவ்வுறவுகளைப் பிரித்து வைத்தவர் யார் என்பதை நாடறியும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட உடன்படிக்கை, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. காணிக்கு எல்லை போடுகிறவன்கூட நடுவிலே கிணறு இருக்கிறதா என்று பார்த்துத்தான் கயிறு பிடிப்பான். இங்கோ ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் அண்ணன் ஒரு நாடு, தம்பி ஒரு நாடு என்றாயிற்று.

இன்று கோத்தகிரியில் தமக்கை இறந்தால் ஸ்பிரிங்வெளியிலுள்ள தம்பி எந்தப் பத்திரத்தோடு போவான்? சுற்றுலா விசாவோடு! மலையையும் கோயிலையும் பார்த்து மகிழப் போகும் உல்லாசப் பிரயாணியென்று எழுதிக் கொடுத்தே அவன் ஒப்பாரி வைக்கப் போகவேண்டும்.

2015 ஏப்ரல் 14 முதல் இலங்கையருக்கு இணைய வழி விசாவை இந்திய அரசு அளித்ததை நாம் பாராட்டவே செய்கிறோம். கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் அது போதும். ஆனால் பயணத்துக்குக் குறைந்தது 4 நாட்கள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டுமென்பது அதன் விதி. சாவு நாட்குறித்துக்கொண்டு வருவதில்லையே! அன்றியும், விசா கைக்கு வருமுன் விமானச் சீட்டு வாங்கத் துணிவார் யார்? வந்தபின் வாங்கினாலோ கடைசி நேர விலை. தலைமன்னார்க் கப்பலும் தனுஷ்கோடி ரயிலும் ஏழைக்குதவிய காலம் 1964 டிசம்பர்ப் புயலோடு பாதி போயிற்று. இராமேசுவரத்துக்கு ஓடிய கப்பலும் எண்பதுகளில் நின்றது.

இத்தனையும் கடவுச்சீட்டு உள்ளவன் படும் பாடு. இல்லாதவன் நிலை என்ன?

முடிச்சு விழுந்திருப்பது இங்கேதான் என்பது நம் துணிபு. தோட்டத்துப் பிறப்புப் பதிவுகளில், எழுதினவர் காதில் விழுந்தபடியெல்லாம் பெயர்கள் ஏறியிருக்கின்றன. பதிவேட்டில் ‘ராமாய்’, அடையாள அட்டையில் ‘இராமாயி’, விவாகப் பத்திரத்தில் தகப்பன் பெயரோடு சேர்ந்து வேறொன்று. தமிழிலே இது ஓரெழுத்துப் பிழை. ஆங்கில எழுத்தில் மூன்று வெவ்வேறு மனிதர்! கொழுந்துக்கூடையை இறக்கிவைத்துவிட்டு அவள் கிராம சேவகரிடம் போகிறாள். அவர் பிரதேச செயலகத்துக்கு அனுப்புகிறார். அங்கே சத்தியக் கடதாசி கேட்கிறார்கள். அதற்குச் சமாதான நீதவானைத் தேட வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாட்கூலி போகிறது. வீட்டிலே இழவு விழுந்தபின் இந்த அலைச்சலைத் தொடங்கினால் முப்பதாம் நாள் காரியத்துக்குக்கூடப் போய்ச் சேர முடியாது.

அவசரமென்றால் ஒரு நாள் சேவை உண்டே என்பார்கள். 2024இல் அதன் கட்டணம் 20,000 ரூபா. அதே ஆண்டில் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. ஏறக்குறைய 15 நாட் கூலியைக் கட்டிவிட்டு, இருநூறு கிலோமீற்றருக்கு அப்பால் பத்தரமுல்லையில் வரிசையில் நிற்கவேண்டும். அந்த ஆண்டே கடவுச்சீட்டுப் புத்தகங்கள் தட்டுப்பட்டு, மக்கள் இரவிரவாக அங்கே தெருவில் கிடந்ததையும் கண்டோம்.

2023 முதல் இணைய வழியே விண்ணப்பித்து, குறித்த பிரதேச செயலகங்களில் கைவிரல் அடையாளம் கொடுக்கும் வசதி வந்தது. 2025இல் யாழ்ப்பாணத்தில் கிளைக் கந்தோர் திறந்தார்கள். நல்லதே, ஆனால் பெயர் பிழைத்தவனுக்குக் கந்தோர் பக்கத்திலிருந்தென்ன, தூரத்திலிருந்தென்ன? பதிவேடுகளோடு உத்தியோகத்தரே தோட்டத்துக்கு வரட்டும். ஞாயிற்றுக்கிழமையில் பிரட்டுக் களத்தில் மேசை போட்டு, பிறப்பு, விவாகம், அடையாள அட்டை மூன்றையும் ஒரே இருப்பில் ஒத்துப்பார்த்துத் திருத்திக் கொடுக்கட்டும். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வாழ்ந்தவர்க்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. பிரஜையென்று ஏற்றுக்கொண்டவனின் பெயரைச் சரியாக எழுதித் தருவது கூடுதல் சலுகையா?

சந்தாப் பிடிக்க ஒரு மாதமும் தவறாத தொழிற்சங்கங்கள், எந்த லயத்தில் எவர் பத்திரம் பிழை என்றொரு பட்டியலாவது வைத்திருக்கின்றனவா? படித்து உத்தியோகம் பார்க்கும் மலையகத்து வக்கீல்மாரும் ஆசிரியர்களும் ஆளுக்கொரு லயத்தைப் பொறுப்பேற்றால் பாதி வேலை அரசாங்கத்தை எதிர்பாராமலே முடியும்.

புதுடில்லியிடமும் நாம் ஒன்று கேட்கிறோம். அன்று தாயகம் அனுப்பப்பட்டோருக்குக் குடும்ப அட்டை கொடுத்தீர்கள். அதன் பிரதி ஒன்றை அக்கரை உறவினர் அனுப்ப, மரணச் செய்தியோடு அதைக் காட்டுவோருக்குக் கண்டியிலுள்ள உதவி உயர் ஸ்தானிகராலயத்திலேயே, ஞாயிறானாலும் போயா தினமானாலும், 24 மணி நேரத்துக்குள் விசா வழங்க ஏற்பாடு செய்யுங்கள். அதற்குச் சுற்றுலா என்று பெயரிட வேண்டாம்.