வரம்பின் மேல் இரண்டு கூலி

ஓமந்தை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது யாழ்-கண்டி வீதியை மறித்து நின்ற போர்க்காலச் சோதனைச்சாவடியே. பிறப்பின் பேரால் மனிதரை நிறுத்தி, மூட்டை முடிச்சுகளை அவிழ்க்கச் செய்த அந்த அவமானத்தை நாம் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. 2015ஆம் ஆண்டில் அச்சாவடி மூடப்பட்டது. ஆனால் பிறப்பின் பேரால் மனிதரைத் தரம் பிரிக்கும் வழக்கம் வன்னியின் வயல்வெளிகளில் இன்றும் உயிரோடிருக்கிறது. இதனை எந்தப் படையும் நம்மீது சுமத்தவில்லை. இது நாமே பேணி வளர்த்த வழக்கம்.

பொழுது சாயும் வேளையில் வரம்பின் மேல் கூலி எண்ணப்படுகிறது. ஆணுக்கு ஒரு கூலி; பெண்ணுக்கு அதனிற் குறைந்த கூலி. இதில் ஒளிவுமறைவு எதுவுமில்லை. இலங்கை மத்திய வங்கியே நெற்செய்கைத் தொழிலாளரின் நாட்கூலியை ஆணுக்கொரு நிரல், பெண்ணுக்கொரு நிரல் என வகுத்து வெளியிட்டு வந்துள்ளது. அநீதி புள்ளிவிவரமாகி விட்டால் அது இயற்கை நியதி போலத் தோன்றத் தொடங்கி விடுகிறது!

“பெண் செய்வது இலகுவான வேலை” என்கின்றனர் நிலவுடைமையாளர். உழவை உழவு இயந்திரம் செய்கிறது. அறுவடையை வெட்டு இயந்திரம் செய்கிறது. இயந்திரத்தின் மேல் அமர்ந்திருப்பவன் ஆண். காலை முதல் மாலை வரை இடுப்பொடியக் குனிந்து களை பிடுங்குபவளும், சுடுவெயிலில் உழுந்துச் செடி பிடுங்குபவளும் பெண். இவற்றுள் எது இலகுவான வேலை? வேலை இலகுவாக இருப்பதால் கூலி குறையவில்லை. பெண் செய்வதனாலேயே அவ்வேலைக்கு இலகு என்று பெயர் சூட்டப்படுகிறது.

“ஆண் குடும்பத்தைக் காப்பவன்” என்பது அவர்களது அடுத்த வாதம். 2009இல் முடிவுற்ற போர் வன்னியில் எத்தனை குடும்பங்களைப் பெண்ணின் தோளில் ஏற்றி விட்டுச் சென்றது என்பதை அறியாதவர் யார்? கடைக்காரன் அவளுக்கு அரிசியைக் குறைந்த விலைக்குக் கொடுப்பதில்லையே!

அப்பெண்களுள்ளும் அடியில் நிற்பவள் மலையகத்திலிருந்து வந்த குடும்பத்துப் பெண். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவளது முன்னோரை நாடற்றவராக்கியது. 1958, 1977, 1983ஆம் ஆண்டுகளின் இனக்கலவரங்கள் பல குடும்பங்களை வன்னிக்குத் துரத்தின. வவுனியாவில் அவர்களைக் குடியேற்றப் பாடுபட்ட காந்தீயம் அமைப்பின் டாக்டர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அவரைத் தியாகி என்கிறோம். அவர் குடியேற்றிய மக்களையோ ‘தோட்டக்காட்டார்’ என்று இழிபெயரிட்டு அழைக்கவும் நம்மிற் பலர் கூசுவதில்லை. சொந்தக் காணியில்லாத அம்மக்களால் கூலி பேச முடியாது. கொடுத்ததை வாங்க வேண்டியவர்கள் அவர்கள். இனத்தின் பேராலும் பூர்வீகத்தின் பேராலும் பாலின் பேராலும் ஒருத்தியே மும்முறை சுரண்டப்படுகிறாள்.

சிங்களம் தெரியாத காரணத்தால் 1962இல் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட அரசாங்க எழுதுவினைஞர் கோடீஸ்வரன் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு 1969இல் இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. அவர் பக்கம் நாம் நின்றது சரியே. ஊதியம் உழைப்புக்கு உரியது; பிறப்புக்கு உரியதன்று என்பதே நமது வாதம். அந்த வாதம் கச்சேரிக்குப் பொருந்தும், களை பிடுங்கும் வயலுக்குப் பொருந்தாது என்று எவ்வாறு கூறுவோம்? கூறினால் நாம் கோரியது நீதியன்று, நமக்கான சலுகை மட்டுமே என்றாகி விடும்.

சட்டத்தை மட்டும் நம்பியிருக்க இயலாது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 12ஆம் உறுப்புரையில், இனத்தாலும் சாதியாலும் பாலாலும் பாகுபாடு காட்டலாகாது என்கிறது. ஆயினும் அடிப்படை உரிமை வழக்கு அரசின் செயலுக்கு எதிராகவே தொடுக்கக் கூடியது. தனியார் வயலின் வரம்பு வரை அது எட்டுவதில்லை. சம ஊதியம் பற்றிய சர்வதேசத் தொழில் தாபனத்தின் 100ஆம் இலக்க உடன்படிக்கையை இலங்கை ஏற்றது 1993இல். அதற்கு முன்னரே, 1984இல், மலையகத் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது நிலைநாட்டப்பட்டது. ஒன்றுபட்டுப் போராடிய தொழிலாளர் பெற்றதை, சிதறி நிற்கும் வன்னிக் கூலிப்பெண் இன்னும் பெறவில்லை. பாடம் தெளிவானது.

ஆகவே நாம் கேட்பது இதுதான். போகம் தொடங்குமுன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் குளத்து நீர் திறக்கும் நாளும் விதைப்பு நாளும் தீர்மானிக்கப்படுகின்றன. அதே கூட்டத்தில் ஒரு வேலைக்கு ஒரே கூலி என்பதும் தீர்மானிக்கப்படட்டும். அக்கூட்டத்தில் கூலிப்பெண்களும் அமர்ந்து பேசட்டும். சிறு கமக்காரனுக்கு உரமும் எண்ணெயும் பெருஞ்சுமை என்பதை நாம் அறிவோம். அச்சுமைக்கு எதிராக அவன் போராட வேண்டிய இடம் அரசும் சந்தையும். தன்னிலும் ஏழையான பெண்ணின் மடியன்று.

ஆசிரியர்களே, மாணவர்களே! உங்கள் வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் கொப்பி அந்தக் குறைந்த கூலியில் வாங்கப்பட்டது. சமத்துவத்தைக் கரும்பலகையில் எழுதுவது எளிது. வருகின்ற காலபோகக் கூட்டத்துக்குச் சென்று, நம் உறவினரான காணிக்காரரின் முகத்துக்கு நேரே அதனைச் சொல்வதே நமது கடமை.