அலமாரியில் உறங்கும் ஆய்வேடுகள்

மூன்றாண்டுகளுக்கு முன் இங்கே தில்லியில் எனக்கு ஹெர்னியா ஆபரேஷன் நடந்தது. அதற்கு முதல் நாள் இரவு, எம்.எஸ். படிக்கும் இளம் டாக்டர் ஒருவர் என் கட்டிலருகே வந்தார். தம் ஆய்வில் என்னையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டு, இந்திப் படிவத்தைப் பொறுமையாக விளக்கினார். கையெழுத்திட்டேன். வீடு திரும்பிய பிறகும் ஆறு மாதம் போன் செய்து, வலி இருக்கிறதா என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார்.

அண்மையில் அவரைக் கடைத்தெருவில் பார்த்தேன். "ஆய்வு என்னவாயிற்று, டாக்டர் சாகிப்?" என்றேன். "பாஸாகிவிட்டேன், அங்கிள்ஜி! தீசிஸ் நூலகத்தில் இருக்கிறது" என்று சிரித்தார். பத்திரிகை எதிலும் வரவில்லையாம். எனக்கு மனம் சோர்ந்துவிட்டது.

அவரைக் குறை சொல்லவில்லை. எம்.எஸ். மூன்றாண்டுப் படிப்பு. ஆய்வேடு ஏற்கப்பட்டால்தான் இறுதித் தேர்வு எழுதலாம். இரவு டியூட்டிக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் நடுவே அதை எழுதி முடிக்கிறார்கள். தேர்வு முடிந்ததும் வேலை, ஊர் மாற்றம், மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு. வழிகாட்டும் பேராசிரியருக்கோ அடுத்த மாணவர் வந்துவிடுகிறார்.

ஒரே ஆஸ்பத்திரியில் சில நோயாளிகளை வைத்துச் செய்த சிறு ஆய்வை அச்சிட்டு என்ன பயன் என்று கேட்கலாம். பல சிறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தே பெரிய முடிவுகளுக்கு வருகிறார்கள். ஒரு முறை பலன் தரவில்லை என்பதும் பயனுள்ள செய்திதான். அது வெளிவராவிட்டால், வேறோர் ஊரில் வேறொரு நோயாளி அதே சோதனைக்கு மறுபடியும் உடம்பைக் கொடுப்பார்.

அதற்காக அச்சிட்டே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும் சரியல்ல. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்களே அதனால் கொழுக்கும். பிஎச்.டி. ஆய்வேடுகளை 'சோத்கங்கா' இணையதளத்தில் யாரும் படிக்கலாம். சென்னையிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் தன் மாணவர்களின் ஆய்வேடுகளை இணையத்தில் வைத்திருக்கிறது. எல்லாப் பல்கலைக்கழகங்களும் இதைச் செய்யட்டும். தரமானவற்றைத் தேர்ந்து, மாணவர் பெயரை முதலில் போட்டு, நல்ல இதழுக்கு அனுப்புவதைப் பேராசிரியர்கள் தம் கடமையாகக் கொள்ளட்டும்.

நம் சங்கக் குடும்பங்களிலும் டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் உண்டு. "பாஸாகிவிட்டாயா?" என்று கேட்கும்போது, "உன் ஆய்வு வெளிவந்ததா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். என் போன்றவர்கள் கையெழுத்துப் போட்டது அதற்காகத்தான்.